தயிர்சாதமும் நாய் மருந்தும் பூனைக்கு ஆகாது: பூனை வளர்ப்போர் கேள்வி - பதில்

வீட்டுப் பூனைகளின் நோய்த்தடுப்பு பற்றி வாசகர்கள் அதிகமாகக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். சிகிச்சை கேட்டு வந்த கடிதங்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. அதற்குப் பூனையை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு மாதக் குட்டி ஒன்றை எடுத்து வந்திருக்கிறோம். வாசல் தாண்டாத பூனைக்குத் தடுப்பூசியே தேவையில்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
- வாசகி, மதுரை

பூனை வாசல் தாண்டாவிட்டாலும் உங்கள் செருப்பு தாண்டுகிறதே! குட்டிகளை அதிகம் கொல்லும் நோய் பேன்லூகோபீனியா. கிளினிக்கில் ‘பூனை பார்வோ’ என்றும் சொல்வார்கள். இதன் வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும். தெருப் பூனை கழித்த இடத்தை மிதித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் போதும். வாந்தி, பேதி, சுருண்டு படுத்தல் என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடலாம்.

இந்த நோயையும், மூக்கொழுகல், கண் பீளை, வாய்ப்புண் கொண்டு வரும் ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி ஒன்று உண்டு. ‘ட்ரைகேட்’ என்றோ ‘த்ரீ-இன்-ஒன்’ என்றோ கேட்டால் தெரியும். 8 வாரத்தில் முதல் ஊசி, அதன்பின் 3 அல்லது 4 வார இடைவெளியில் அடுத்தடுத்து. கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு விழ வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு ஊசி போட்டு 12 வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும் வரை அது தடுப்பூசியையும் சேர்த்து முறியடித்துவிடும். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். சிலவற்றுக்கு 16 வாரம் வரை நீளும். அந்தக் கணக்குக்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம், முந்தைய ஊசி வீண் என்பதற்காக அல்ல. பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஒரு பூஸ்டர். அதற்கு மேல், வெளியே போகாத, ஒற்றையாக வளரும் பூனைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பது உலக அளவிலான வழிகாட்டுதல். நம் ஊரில் வருடா வருடம் போடும் வழக்கம் இருக்கிறது. ஊசி மருந்தின் லேபிளையும் பூனையின் சூழலையும் வைத்து மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி தனி. 12 வாரம் ஆனபின் ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று, பிறகு லேபிளில் சொன்ன இடைவெளியில். வெறிநாய்க்கடி சகஜமாக இருக்கும் நாட்டில் இதில் பேரமே கிடையாது.

போடும்போது கவனிக்க வேண்டியவை சில. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்திருக்க வேண்டும். கடையில் வாங்கி பஸ்ஸில் ஒரு மணி நேரம் பையில் சுமந்து போனால், வெறும் தண்ணீரை ஏற்றுவதற்குச் சமம். காய்ச்சலோ பேதியோ இருக்கும் குட்டிக்கு அன்று போடக் கூடாது. குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே போடாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடச் சொல்லிக் கேட்கலாம். மிக அபூர்வமாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு, காலில் என்றால் அறுத்து எடுக்க வழி இருக்கும். ஒரு நாள் சோர்ந்து படுத்திருப்பது இயல்பு. முகம் வீங்கினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ உடனே திரும்பப் போங்கள். ஊசி போட்ட இடத்துக் கட்டி ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தால், 2 செ.மீ.க்கு மேல் போனால், அல்லது மூன்று மாதம் கடந்தும் கரையாமல் இருந்தால் பரிசோதிக்க வேண்டும்.

போன மாதம் பார்வோவில் ஒரு குட்டியைப் பறிகொடுத்தோம். வீட்டை பினாயில் போட்டுக் கழுவிவிட்டோம். இன்னொரு குட்டி கொண்டுவரலாமா?
- வாசகர், சேலம்

இப்போது வேண்டாம். பினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாது. ஸ்பிரிட், கை சானிடைசர் எதற்கும் அசையாது. போதாததற்கு, பினாயில் வகை திரவங்களில் இருக்கும் பீனால் பூனைக்கு விஷம். ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கி, உள்ளே போய்விடும். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் புட்டியே தேவையில்லை.

வேலை செய்வது பிளீச். வீட்டு உபயோக பிளீச் திரவம் (சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் அளவில்) 30 மி.லி., தண்ணீர் ஒரு லிட்டர். அழுக்கு இருந்தால் பிளீச் செத்துவிடும். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச் கரைசலை ஊற்றி 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு, அப்புறம் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கரைசலை அன்றன்றைக்கே புதிதாகக் கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். பூனையின் மூத்திரம் தேங்கிய மணல் தொட்டியையும் முதலில் கழுவிவிட்டுத்தான் பிளீச் ஊற்ற வேண்டும். மெத்தை, நகம் கீறும் கட்டை, துணிப் பொம்மை போன்றவற்றைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. தூக்கிப் போடுங்கள்.

அடுத்த ஒரு வருடத்துக்கு அந்த வீட்டுக்கு வரும் பூனை, தடுப்பூசி முழுவதும் முடித்து இரண்டு வாரம் ஆனதாக இருக்கட்டும். ஊசி முடியாத குட்டிக்கு அந்த வீடு ஆகாது.

எங்கள் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து பாதி மீதம் இருக்கிறது. பூனையின் எடை குறைவுதானே, நாலு சொட்டு மட்டும் விடலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

ஒரு சொட்டுகூட விடாதீர்கள். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான நொதி மிகக் குறைவு. அளவைக் குறைத்தாலும் மருந்து உடம்பில் தேங்கி நரம்பைத் தாக்கும். காது துடிப்பதில் ஆரம்பித்து, உடம்பு முழுக்க நடுங்கி, வலிப்பில் போய் நிற்கும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்குக்கூட இது நடக்கும். அந்த நாயை மூன்று நாள் தள்ளி வையுங்கள். தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராஸ், டெல்டாமெத்ரின் மருந்துகளும் பூனைக்கு ஆகாது.

தவறிப் பட்டுவிட்டால்: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். சுடுதண்ணீர் மருந்தைத் தோலுக்குள் இழுத்துவிடும், பச்சைத் தண்ணீர் உடம்பைக் குளிரவைத்து நடுக்கத்தைக் கூட்டும். துவட்டித் துண்டில் சுற்றி, மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். நடுக்கம் தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே நடுங்கினால் வீட்டில் கழுவ நேரமில்லை, நேராகக் கிளம்புங்கள்.

பூனைக்கென்றே வரும் ஃபிப்ரோனில் அல்லது செலாமெக்டின் சொட்டு மருந்து இருக்கிறது. பொதுவாக 8 வாரம் கடந்த குட்டிக்குத்தான். எடை பார்த்து வாங்கி, பிடரியில், தலையோடு கழுத்து சேரும் இடத்தில் முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். நாக்கு எட்டாத இடம் அதுதான். முடிமேல் விட்டால் மருந்து தோலில் சேராது. முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. (பொதுவாகவே ஆரோக்கியமான பூனைக்குக் குளியல் தேவைப்படுவதில்லை.)

தெள்ளுப்பூச்சியில் பூனை மேல் தெரிவது கொஞ்சம்தான். முட்டை, புழு, கூடு எல்லாம் மெத்தையிலும் தரை விரிப்பிலும் இருக்கும். ஒரு மாதம் மருந்து போட்டு நிறுத்தினால் மறுபடி வரும். குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

குடற்புழு மருந்து எத்தனை நாளைக்கு ஒருமுறை? கழிவில் புழு தெரிந்தால் மட்டும் கொடுத்தால் போதாதா?
- வாசகி, தஞ்சாவூர்

உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருந்தால் குட்டி வயிறு ஊதி, எலும்பும் தோலுமாகி நிற்கும். 3 வார வயதில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 8 வாரம் வரை, பிறகு மாதம் ஒருமுறை ஆறு மாதம் வரை. வளர்ந்த பூனை வெளியே சுற்றுவதாக இருந்தால், எலி பல்லி பிடிப்பதாக இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பால் கொடுக்கும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்று முடியாது.

ஆசனவாய் முடியில் அரிசி போல ஒட்டி நெளிவது நாடாப்புழுவின் துண்டு. அதற்கு பிராசிகுவான்டல் வேண்டும், கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில். உருண்டைப் புழு மருந்து இதைத் தொடாது. மருந்து கொடுத்து ஒரு மாதத்தில் மறுபடி அரிசி தெரிந்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் இந்தப் புழு வருகிறது. பூச்சியை விட்டுவிட்டுப் புழுவைத் துரத்தினால் காசுதான் கரையும்.

வீட்டில் நாங்கள் சைவம். பூனைக்குத் தயிர்சாதமும் பாலும்தான். பக்கத்து வீட்டில் அவ்வப்போது மீன் கொடுப்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. இது போதுமா?
- வாசகி, நாகர்கோவில்

போதாது. நன்றாக இருப்பது போலத் தெரிவதற்குக் காரணம், குறைபாடு வெளியே தெரிய மாதக்கணக்காகும் என்பதுதான். அதோடு உங்கள் பூனை எங்கேயோ எலியும் ஓணானும் பிடித்துக் கணக்கை நேர் செய்துகொண்டிருக்கலாம்.

பூனைக்கு டாரின் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்தே வந்தாக வேண்டும்; அதன் உடம்பு தேவையான அளவு தயாரிக்காது. இது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை அழிந்து பார்வை போகும். அது திரும்பி வராது. இதயத் தசை மெலிந்து இதயம் ஊதும். 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவர்கள் இதயத்தோடு உள்ள இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் முழுக்கப் பூனை உணவு நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. அதேபோல, கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ள நம்மால் முடியும், பூனையால் முடியாது.

மீன் மட்டும் என்றாலும் தப்பு. மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகப் போட்டால், அவற்றில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். பூனை தலையை மார்போடு கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும். வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம். வெறும் கோழிக்கறி மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் இல்லாமல், குதித்தாலே எலும்பு ஒடியும். தினமும் ஈரல் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சி கழுத்தெலும்பு இறுகிவிடும். வாரம் ஒருநாள் ஒரு சிறு துண்டு தாராளம். வெங்காயம், பூண்டு எந்த வடிவிலும் கூடாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பில் போட்ட மீனைக் கழுவிப் போடுவது வேலைக்காகாது. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பேதி.

செய்ய வேண்டியது: முழுமையான சத்துணவு என்று பாக்கெட்டில் அச்சிட்ட, குட்டிக்கா பெரிய பூனைக்கா என்று குறிப்பிட்ட பூனை உணவை அடிப்படையாக வையுங்கள். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரி போதும். உலர் உணவென்றால் பொதுவாக 50 முதல் 55 கிராம். கிண்ணத்தை நிரப்பி வைக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். நாய் உணவை மாற்றாகக் கொடுக்காதீர்கள், அதில் டாரின் கட்டாயமில்லை. வேகவைத்த உப்பில்லாத கோழியோ மீனோ மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். வீட்டில் அசைவம் சமைக்க மனம் ஒப்பவில்லை என்றால் பாக்கெட் உணவு அந்தச் சங்கடத்தைத் தீர்க்கிறது. அதுவும் ஒப்பவில்லை என்றால், முயல் வளர்க்கலாம்.

மூன்று வயதுக் கடுவன். நேற்றிலிருந்து மண் தொட்டிக்குப் போய்ப் போய் முக்குகிறது, கத்துகிறது. மலச்சிக்கலாக இருக்கும், விளக்கெண்ணெய் கொடு என்கிறார்கள்.
- வாசகர், விழுப்புரம்

இந்தக் கடிதத்துக்குத் தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. ஆண் பூனை முக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூத்திர அடைப்பு. கடுவனின் மூத்திரக் குழாய் நுனியில் மிகக் குறுகல். உப்புத் துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மூத்திரப்பை எலுமிச்சம்பழம் போல இறுகும். ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறி உயிர் போகும். தொட்டியில் மூத்திரம் பட்டு மணல் கட்டிய ஈர உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை வெடித்துவிடும். விளக்கெண்ணெய், வாழைத்தண்டுச் சாறு இவற்றால் அடைப்பு எடுக்காது, நேரம்தான் போகும்.

வராமல் தடுப்பது பெரும்பாலும் தண்ணீர் விஷயம். 4 கிலோ பூனைக்கு உணவில் இருப்பதையும் சேர்த்து நாளைக்கு 200 மி.லி. அளவு தண்ணீர் தேவை. உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். 50 கிராமில் 5 மி.லி. தேறும். 80 கிராம் ஈர உணவு பாக்கெட்டில் 60 மி.லி.க்கு மேல் இருக்கிறது. ஒரு வேளையாவது ஈர உணவு, அதில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாகக் கலந்து. தண்ணீரை அகலமான கிண்ணத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கும் மண் தொட்டிக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

இன்னொரு காரணம் மனஅழுத்தம். புதுப் பூனை வந்தது, வீடு மாறியது, கல்யாண வீட்டுக் கூட்டம், பட்டாசு என்று எதுவும் பூனையின் மூத்திரப்பையைப் புண்ணாக்கும். தொட்டி அழுக்காக இருந்தால் அடக்கிக்கொள்ளும். பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டித் தொட்டி வைப்பது நல்ல கணக்கு. வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும். 3 முதல் 5 செ.மீ. ஆழம், தினம் இருமுறை அள்ளுதல். அள்ளும்போது ஈர உருண்டைகளை எண்ணும் பழக்கம் வந்துவிட்டால் அடைப்பு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எல்லாமே முன்கூட்டித் தெரியும்.

காய்ச்சல் போல இருந்தால் கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?
- வாசகர், திருவள்ளூர்

கொல்லும். கால் மாத்திரையே சில பூனைகளுக்கு எமன். சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கும். கொடுத்துவிட்டால் அறிகுறி வரும் வரை நிற்காமல் போங்கள். முறிவு மருந்து உண்டு, மணிக்கணக்கில் பலன் குறையும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்குக்கும் இதே தடை. பூனையின் இயல்பான உடல் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது.

ஒரு ஈற்று ஆனபிறகு கருத்தடை செய்தால்தான் பெண் பூனைக்கு நல்லது என்கிறார்களே?
- வாசகி, ஈரோடு

நேர்மாறு. ஆறு மாதத்துக்கு முன் செய்தால் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது, ஒரு வயதுக்கு முன் என்றால் 86 சதவீதம். பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை கெட்ட கட்டிகள்தான். நாலு மாதத்திலேயே சில குட்டிகள் சினைப்பருவத்துக்கு வந்துவிடும். உடன்பிறந்த கடுவனோடும் சேரும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். ஆகவே ஐந்து மாதத்துக்குள், தடுப்பூசி முடித்த கையோடு. பருவம் தள்ளும் ஹார்மோன் ஊசியோ மாத்திரையோ வேண்டாம், கருப்பைச் சீழும் மார்புக் கட்டியும் வரும்.

அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள், தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள். பாவம் பார்த்துக் கழற்றியவர்கள்தான் பிரிந்த தையலோடு திரும்பி வருகிறார்கள். பிறகு பசி கூடும், தேவை குறையும். உணவைக் கால் பங்கு குறையுங்கள்.

தலைப்பிரசவத்துக்கு மகள் வருகிறாள். பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள்.
- வாசகி, காரைக்குடி

விட வேண்டாம். பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற, கருவைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணிக்கு. முதல்முறை தொற்று வந்த பூனை ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை கழிவில் இதன் முட்டையை வெளியேற்றும், பெரும்பாலும் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் தொட்டியை அள்ளிவிட்டால் சங்கிலி அறுந்தது. அந்த வேலையை மகள் செய்ய வேண்டாம். வேறு ஆள் இல்லாவிட்டால் கையுறை போட்டுச் செய்து கை கழுவட்டும். தடவிக் கொடுப்பதால் தொற்றாது. பூனைக்குப் பச்சைக்கறி போடாதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். மகளுக்கு உண்மையான ஆபத்து, சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றில் அதிகம்.

பதினொரு வயதுப் பூனை. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது. வயசாகிவிட்டது, அவ்வளவுதானே?
- வாசகர், சென்னை

வயது என்று விட்டுவிடக் கூடாது, பெரும்பாலும் நோய்தான் இளைக்க வைக்கும். பத்து வயதுக்கு மேல் தின்றும் இளைத்தால் தைராய்டு மிகுதி, நீரிழிவு, குடல் நோய் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அதிகம் குடித்து, பெரிய பெரிய ஈர உருண்டை போட்டால் சிறுநீரகத்தையும் சந்தேகிக்க வேண்டும். பத்து வயது வரை வருடம் ஒரு பரிசோதனை போதும். பத்துக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரை, டி4 (தைராய்டுக்கு), கூடவே மூத்திர அடர்த்தி, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மூத்திரம் அடர்த்தி இழப்பது கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே நடக்கலாம். ரத்தம் மட்டும் எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

வீட்டில் செய்யக் கூடியது: மாதம் ஒருமுறை, குழந்தைகளை நிறுக்கும் எடை மெஷினில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நின்று கழித்துப் பார்க்கும் முறையில் 200 கிராம் வித்தியாசம் காணாமல் போகும். 4 கிலோ உடம்பில் அது இருபதில் ஒரு பங்கு. தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரட்டியுங்கள். பலமுறை பார்த்தும் 30ஐத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ பார்க்க வேண்டும். இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் குண்டுப் பூனை என்றால், ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள்.

மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் கூடையை அலமாரி மேல் வைக்காமல் எப்போதும் தரையில், உள்ளே பழைய துணி விரித்துத் திறந்தே வையுங்கள். மேலே திறக்கும் மூடி உள்ள கூடை நல்லது. பூனை உள்ளே இருக்கும்போதே மருத்துவர் பார்த்துவிடலாம். கிளம்பும்போது ஒரு துண்டால் மூடி, ஆட்டோவில் மடியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.